எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருபது பந்து

ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகக் கழன்று, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும் என்று திருச்சியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஏறியபோது கடைசிப் பெட்டி காலியாகக் கிடந்தது. நம்மூர்ப் புத்தி, காலி இடத்தைக் கண்டதும் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் இரண்டு தடவை ஏதோ சொன்னாள். நான் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினால், நான் போகவேண்டிய ஊரின் பெயர் அந்த நிலையத்தில் எங்குமே இல்லை.

வெளியே ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவர் நீளப் பெருக்குமாற்றால் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பெருக்குவதை நிறுத்தவில்லை.

"தமிழோ?"

"ஆமாங்க."

"பின்பெட்டியில இருந்திட்டியள் போல. புதுசா வாறவை கனபேர் இப்பிடித்தான் இஞ்ச வந்து இறங்கிறவை. இனி பஸ்தான். இருவது நிமிஷம்."

அவர் பெயர் குலசிங்கம். முப்பத்தாறு வயது, என்னைவிட நாலு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா. எண்பத்து நாலில் ஜெர்மனிக்கு வந்து, அகதியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பம் போட்டு, இரண்டு வருடமாகப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரும்வரை வேலைக்குப் போகக்கூடாது. நகராட்சி காட்டுகிற இடத்தைப் பெருக்கலாம், அதற்குக் கைச்செலவுக்கு ஏதோ தருவார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். பேஸ்பால் என்றேன். அப்போதுதான் பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"நான் காலேஜில ஃபாஸ்ட் போலர்," என்றார்.

பஸ் வந்துவிட்டது. அதற்குமேல் பேச நேரமில்லை.

நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆறு வருடமாகத் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியர். கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவன்தான், ஆனால் கிரிக்கெட்டுக்குத் தாளாளரின் மைத்துனர் இருந்தார். ஹாக்கிக்கு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மிச்சம் இருந்தது பேஸ்பால். வடக்கே எங்கோ ஆடுகிறார்கள், பல்கலைக்கழகப் போட்டியில் எதிரணிகள் குறைவு, கோப்பை சுலபம் என்று தாளாளர் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். "உனக்குப் பேஸ்பால் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்று மாலையே நூலகத்துக்கு ஓடி, அது எப்படி இருக்கும் என்று படம் பார்த்தேன். இப்படித்தான் நான் பிட்ச்சிங் கோச் ஆனேன். பிட்ச்சர் என்பவர் சின்ன மண்மேட்டில் நின்று பந்தை எறிகிறவர். பந்து கீழே குத்தாமல், மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, தரையில் பதித்த ஐங்கோணப் பலகைக்கு நேர் மேலே போகவேண்டும். போனால் அது ஸ்ட்ரைக். இவ்வளவுதான் வேலை. இவ்வளவுக்குத்தான் உலகம் முழுக்க கோச்சுகள் வேலை இழக்கிறார்கள்.

ஜெர்மனியில் ஒரு சங்கம் பத்து நாள் பயிற்சி முகாம் நடத்தி, தேறியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது அலுப்பான கதை. கிளம்பும்போது தாளாளர் சொன்னதுதான் முக்கியம். "சான்றிதழோட வா, ஜூலையிலயே நிரந்தரம். இல்லேன்னா புது ஆள் பார்ப்பேன். ஒரிஜினல் வேணும். ஜெராக்ஸைக் கொண்டுவந்து நீட்டாதே." இதற்குமுன் ஒருவர் ஜெராக்ஸைக் காட்டியே மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டுப் போனாராம்.

நான் தங்கிய வீட்டுக்காரம்மாள் முதல்நாள் காலை கறுப்பு ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த முட்டை எல்லாம் பரப்பி வைத்தார். முட்டைக்குத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, கம்பளித் தொப்பி. எங்கள் ஊரில் முட்டைக்கு இந்த மரியாதை கிடையாது. தோட்டம் நிறையக் கீரை இருந்தும் ஒரு இலைகூட மேசைக்கு வரவில்லை. சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த வருடம் அது. மழையோடு விஷம் இறங்கிவிட்டது என்று கையால் மேகத்தை வரைந்து காட்டினார். பாலுக்குப் பதில் டப்பாப் பால்பவுடர். தெருவிலோ வேறு கவலை. மெக்சிகோவில் உலகக்கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. பேஸ்பால் என்று சொன்னால் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

முகாமில் பதினான்கு பேர், என்னைத் தவிர எல்லோரும் ஜெர்மானியர். தலைமைப் பயிற்றுநர் வால்ட் என்ற அமெரிக்கர். ஐம்பது வயது, வெயிலில் காய்ந்த கழுத்து. "மூன்று கல்லூரிகளில் பிட்ச்சிங் கோச்சாக இருந்தேன்," என்று வகுப்பைத் தொடங்கினார். "மூன்றிலும் என்னை நீக்கினார்கள். அணி தோற்றால் தலைமைக் கோச்சை அனுப்புவார்கள், கூடவே என்னையும் பார்சல் கட்டுவார்கள். அணி ஜெயித்தால் அவருக்குப் பெரிய கல்லூரியில் வேலை, எனக்கு அதே அறை, அதே வாளி நிறையப் பழைய பந்து. இதெல்லாம் தெரிந்தும் இந்த வேலை வேண்டும் என்பவர்கள் உட்காருங்கள்." எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தோம்.

பிறகு ஒவ்வொருவரையும் எறியச் சொன்னார். என் முறை வந்தது. ஆறு வருடப் பெருமையோடு கையைச் சுழற்றி எறிந்தேன். வால்ட் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"முழங்கையை ஏன் விறைப்பாக வைத்திருக்கிறாய்?"

"கிரிக்கெட்டில் மடக்கக்கூடாது. மடக்கினால் எறிவது என்று நடுவர் நோ-பால் கொடுப்பார்."

"இங்கே எறியத்தான் வேண்டும். உன் மாணவர்களும் இப்படியா?"

இரண்டு வருடமாக என் பையன்களை 'கையை மடக்காதே' என்று மைதானம் அதிரக் கத்தியிருக்கிறேன். ஆரோக்கியசாமி என்ற நல்ல பிட்ச்சருக்குத் தோள்வலி வந்து, தலை சீவக்கூடக் கை தூக்க முடியாமல் போனபோது, எண்ணெய் தேய்க்கச் சொல்லி அனுப்பியவனும் நான்தான். வெட்கமாக இருந்தது. அன்று மதியமே ஊருக்குக் கடிதம் எழுதினேன்: நான் வரும்வரை ஒருவரும் பந்தைத் தொடவேண்டாம், ஆரோக்கியசாமியை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகவும். எழுதி முடித்தபின் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இதைச் சரியாகக் கற்றுக்கொள்ளாமல் விமானம் ஏறுவதில்லை.

தேர்வு கடைசிச் சனிக்கிழமை. இதுவரை பேஸ்பால் எறியாத ஒருவரை ஒவ்வொருவரும் தேடிப் பிடித்துப் பழக்கவேண்டும். அவர் இருபது பந்து எறிவார், அதில் குறைந்தது பத்துப் பந்து ஸ்ட்ரைக் ஆகவேண்டும். அந்த நேரத்தில் கோச் வாயைத் திறக்கக்கூடாது. ஜெர்மானியர்கள் தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர் என்று பிடித்துவந்தார்கள். எனக்கு அந்த நாட்டில் தெரிந்தது இரண்டே பேர். வீட்டுக்காரம்மாளுக்கு எழுபது வயது. நான் பஸ் ஏறினேன்.

குலசிங்கம் அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். "எங்க கிரவுண்டுக்கு வாங்கண்ணே," என்றேன். "இல்லைத் தம்பி, நீங்கள் இஞ்ச வாங்கோ. ஹைமுக்குப் பின்னால வெளி கிடக்கு," என்றார். ஹைம் என்பது அகதிகள் தங்கிய பழைய மூன்றுமாடிக் கட்டடம். வேலை நேரம் ஒத்துவராது போல என்று நினைத்து மேலே கேட்கவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் வாளி நிறையப் பந்தோடு பஸ்ஸில் போனேன். முதல்நாள் வளைவில் வாளி கவிழ்ந்து, பந்துகள் பஸ் முழுக்க உருண்டன. ஏறுகிற ஒவ்வொரு பயணியும் ஒரு பந்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அண்ணனின் முதல் பந்து இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்தடி பின்னால் போய், ஓடிவந்து, கையை நேராகச் சுழற்றி விட்டார். எனக்கு இரண்டு கஜம் முன்னால் குத்தி எழும்பியது. கிரிக்கெட்டில் கைதட்டியிருப்பேன். இங்கே அது ஒன்றுக்கும் உதவாத பந்து. ஓடாமல் எறிய இரண்டு நாளில் பழகிவிட்டார். முழங்கை மட்டும் மடங்கவில்லை. வேகப்பந்து வீச்சாளர் கிடைத்தார், பாதி வேலை முடிந்தது என்று குதித்தவன் நான். ஒன்றும் தெரியாத எழுபது வயதுப் பாட்டியம்மாளையே பழக்கியிருக்கலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் சமையலறையில் உட்கார வைத்தார். அவர்களுக்கு வாரம் இருமுறை உணவுப் பொட்டலம் வரும். அதில் வந்த உருளைக்கிழங்கையும் டின்மீனையும், பாரிசிலிருந்து யாரோ அனுப்பிய கறித்தூள் போட்டுப் பிரட்டியிருந்தார். எங்கள் பக்கத்துக் காரம் காரமே இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வழிய ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"கையை மடக்கச் சொல்லிறியள். எனக்கு விளங்குது. ஆனா மனம் விடுதில்லை. காலேஜ் பெரிய மட்ச், முழு ஊரும் வந்து நிக்குது. நான் எறியிறன் எண்டு சொல்லி அம்பயர் நாலுதரம் நோ-போல் குடுத்தவர். நாலாந்தரம் கப்டன் வந்து என்ர கையில இருந்து பந்தை வாங்கிப் போட்டார். பிறகு ஒரு வருஷம் பனைமட்டைத் துண்டு ரெண்டை முழங்கையில வைச்சுக் கட்டிக்கொண்டு பழகினனான். அடுத்த வருஷம் ஒருத்தரும் நோ-போல் சொல்லேல்லை. இப்ப மடக்கினா, அந்தாள் அண்டைக்குச் சொன்னது சரியெண்டெல்லே ஆகும்."

"அவர் சொன்னது சரியாவே இருக்கட்டுமேண்ணே. அது வேற ஆட்டம்," என்றேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். எனக்கும் கோபம் வந்தது. பதினாறு வருடத்துக்கு முந்தைய அம்பயருக்காக என் வேலை போகவேண்டுமா என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் வெளியில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அவருடைய அறைத்தோழர், "அண்ணை, சாவியை எறியுங்கோ," என்றார். அண்ணன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அண்ணாந்து பார்த்து, ஒரே வீச்சு. அது நேராக ஜன்னல்காரரின் உள்ளங்கையில் போய் விழுந்தது. முழங்கை அழகாக மடங்கி விரிந்தது. இயற்கையிலேயே பிட்ச்சரின் கை அது. பனைமட்டை கட்டி அதைக் கெடுத்திருக்கிறார்.

"இதுதாண்ணே," என்றேன். "இப்ப எறிஞ்சீங்களே, இது மட்டும் போதும்."

அவர் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பந்தை எடுத்தார். அன்று மாலை இருபதில் ஏழு. அடுத்த நாள் ஒன்பது. புதன்கிழமை பன்னிரண்டு. நான் திரும்பும் பஸ்ஸில் சத்தமாகப் பாடியிருக்கிறேன் போலிருக்கிறது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எங்க கிரவுண்டுல இருக்கணும்ணே," என்று வியாழக்கிழமை சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அங்கயோ? எனக்கு ஏலாது தம்பி. நான் இந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது. உங்கட கிரவுண்ட் அடுத்த மாவட்டம். போறதெண்டா ஒவ்வொருதரமும் ஆன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் குடுத்து அனுமதி எடுக்க வேணும். சோதினை இஞ்சதான் நடக்குதெண்டு நினைச்சனான்."

தினமும் நான் சும்மா கடந்து வந்த ரோட்டில் அவருக்கு ஒரு எல்லை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இருவரும் உடனே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் கண்ணியமாகத்தான் பேசினார். ஆன்ட்ராக் எழுதலாம், ஆனால் டெர்மின், அதாவது அதைப் பார்க்க ஒதுக்கும் நேரம், செவ்வாய்க்கிழமைதான். டாக்டர், வக்கீல், நீதிமன்றம் என்றால் அவசரமாகப் பார்க்கலாம். பந்து எறிவது அவசரக் காரணம் ஆகாது. நான் என் ஆங்கிலத்தில் கால்மணி நேரம் வாதாடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார், "பிடிச்சாத்தான் பிரச்சினை. பிடிச்சா ஃபைலில எழுதுவினம். என்ர கேஸ் இப்ப முடியிற நேரம். ஆனா நீங்கள் வாங்கோ எண்டு சொன்னா நான் வாறன்."

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இருபது நிமிட பஸ், சனிக்கிழமைக் காலை, யார் பார்க்கப் போகிறார்கள். ஆறு வருடத் தற்காலிகம் என் தொண்டையில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லச் சொன்னது. அவர் முகத்தைப் பார்த்தேன். "வேண்டாம்ணே, நீங்க இங்கேயே இருங்க. நான் வேற வழி பார்க்கறேன்," என்றேன். என்ன வழி என்று எனக்கே தெரியாது.

திரும்பும்போது பஸ் ஓட்டுநரிடம் மாவட்ட எல்லை எங்கே என்று சைகையும் சொல்லுமாகக் கேட்டேன். அவர் வண்டியை மெதுவாக்கிக் காட்டினார். புல் அறுத்து முடித்த ஒரு சமவெளி, ரோட்டோரம் ஒரு பெயர்ப்பலகை, புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து அந்தக் கல்லைச் சுற்றி நடந்து பார்த்தேன். பிறகு முகாம் வரை நடந்தே போய் வால்டின் கதவைத் தட்டினேன்.

கேட்டுவிட்டு அவர் தாடையைச் சொறிந்தார். "மேட்டுக்கும் பலகைக்கும் நடுவே பதினெட்டு மீட்டர் நாற்பத்து நாலு சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கவேண்டும் என்று நான் எங்கும் படித்ததில்லை."

சங்கச் செயலாளர் ஒரு கறாரான ஜெர்மானியர். தேர்வு சங்க எல்லைக்குள் நடக்கவேண்டும், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே போனேன். கடைசியில் அவரே பதிவேட்டை மறுபடி படித்து, "பலகை நம் பக்கம் இருந்தால் தேர்வு நம் பக்கம் நடந்ததாகத்தான் கணக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மற்றவர்கள் தேர்வு முடிந்ததும் முகாம் முழுக்க இரண்டு வேனில் எல்லைக் கல்லுக்குக் கிளம்பியது. முந்தின மாலையே நான் சொல்லி வைத்தபடி அண்ணன் தன் பக்கத்தில் வந்து காத்திருந்தார். அந்தச் சமவெளிக்குச் சொந்தக்கார விவசாயியிடம் செயலாளர் முன்னமே சொல்லி வைத்திருந்தார். நாடாவைப் பிடித்து அளந்தவரும் அவர்தான். அண்ணன் நிற்கவேண்டிய இடத்தை எல்லைக் கல்லுக்கு மூன்று மீட்டர் இந்தப் பக்கம், அவருடைய மாவட்டத்தில் குறித்து, மண் கொட்டி மேடு கட்டி, குலசிங்கத்தின் கால் எறிந்த வேகத்தில் முன்னால் போனாலும் கல்லைத் தாண்டாது என்று தானே எறிவது போல் நடித்துப் பார்த்து உறுதி செய்தார். அந்த நிமிடம் ஜெர்மானியர்களின் கறார் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பலகை, பந்து பிடிப்பவர், பின்னால் வால்ட் எல்லோரும் அடுத்த மாவட்டத்தில். அண்ணன் தன் மாவட்டத்தில். நான் கல்லுக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு.

முதல் ஐந்து பந்தும் வீணாகப் போயின. ஐந்தும் நேர்க்கை. ஆட்கள் சுற்றி நின்று பார்த்ததும் பழைய மைதானம் அவருக்குள் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பந்து முன்னாலேயே குத்தின, ஒன்று பிடிப்பவரின் தலைக்கு மேல் போனது. இனிப் பதினைந்தில் பத்து வேண்டும். என் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். தலை நிமிர்ந்தால் கத்திவிடுவேன்.

கொஞ்ச நேரம் பந்து வரும் சத்தமே கேட்கவில்லை. பார்த்தால், அண்ணன் பந்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மடித்துப் புல்லில் வைத்தார். வலது முழங்கையை இரண்டு தடவை நன்றாக மடக்கி நீட்டினார், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல. ஆறாவது பந்து பலகைக்கு நேர் மேலே போய்க் கையுறையில் அறைந்தது. வால்ட் வலது கையை உயர்த்தினார். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது தவறியது. பிறகு நான் எண்ணவில்லை, செயலாளர்தான் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பந்துக்குப் பிறகு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பதினொன்று.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வால்டும் வந்து கைகொடுத்தார். "வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் வந்து என்னைப் பார். இந்தக் கைக்கு ஒரு அணி தேடலாம்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை எனக்கு விமானம். ஞாயிறு மாலை விடைபெறப் போனேன். சான்றிதழ் ஒரே தாள். மேலே என் பெயர், கீழே பழகியவர் பெயர், எறிந்தது இருபது, தேறியது பதினொன்று, வால்டின் கையெழுத்து, சங்க முத்திரை. அண்ணன் அதைச் சமையலறை மேசையில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துவிட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த நாட்டில என்ர பேர் போட்ட கடதாசி ஒரு பெட்டி நிறையக் கிடக்கு தம்பி. எல்லாத்திலயும் இது செய்யக்கூடாது, அது செய்யக்கூடாது எண்டுதான் எழுதிக் கிடக்கு. செய்தவர் எண்டு எழுதின கடதாசி இது ஒண்டுதான். ஸ்டேஷன் கடையில கொப்பி எடுக்கலாம். எனக்கொரு கொப்பி தாறியளோ?"

ஸ்டேஷன் கடையில் நகல் எடுத்தேன். நல்ல தெளிவான நகல், முத்திரைகூட வட்டமாக விழுந்திருந்தது. அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரிஜினலை அவர் கையில் கொடுத்தேன்.

"இது உங்கடையெல்லே," என்றார்.

"எங்க காலேஜுக்கு நகல் போதும்ணே," என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை முன்பெட்டியா பின்பெட்டியா என்று அவரிடமே கேட்டு ரயில் ஏறினேன்.

போதாது என்று எனக்குத் தெரியும். தாளாளரிடம் என்ன சொல்வது என்று ஸ்டுட்கார்ட் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன். தாளில் இருந்ததைக் கையால் காட்டுகிறேன், மைதானத்துக்கு வாருங்கள் ஐயா, இருபது பந்து நானே எறிகிறேன், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்வதாக முடிவு செய்தேன்.